மாட்டுக்குத் தாது உப்பு: ரெண்டு வருஷம், மூணு பாக்கெட், ஒரு டானிக் கேன், எங்க ஊரு போர் தண்ணி

எங்க செவலை, கொடியில காஞ்ச என் தம்பி பனியனை இழுத்து மென்னு முழுங்கினப்பதான் வீட்ல எல்லாருக்கும் இது விளையாட்டு இல்லன்னு உறைச்சுது. அதுக்கு முன்னாடியே சுவத்த நக்கிச்சு, கரையான் புத்து மண்ணைத் தின்னுச்சு, ஒரு நாள் ரப்பர் செருப்ப வாயில கவ்விக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அசை போட்டுச்சு, அம்மா "திமிரு புடிச்ச மாடு"ன்னு திட்டிட்டு செருப்ப புடுங்கி வெச்சுச்சு, அதோட விட்டுட்டோம். பனியன் போனதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட கேட்டோம். அவங்க சொன்ன முதல் வார்த்தையே "தாது உப்பு போடறீங்களா?"

போடறோமேன்னு சொன்னேன் (தாது உப்புன்னா கால்சியம், பாஸ்பரஸ் மாதிரி சத்தெல்லாம் கலந்து தீவனத்துல போடற பொடி). போட்டுக்கிட்டுதான் இருந்தோம், நாலு மாசமா. கோளாறு அங்கதான். இந்த ரெண்டு வருஷத்துல என்னென்ன வாங்கினேன், எது வேலை செஞ்சுது, எதுல காசு போச்சுன்னு எழுதறேன், நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், ராயக்கோட்டை பக்கம் மாடு வெச்சிருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நம்ம தண்ணி விஷயம் ஒண்ணு நடுவுல வருது, அது மத்த ஊர்க்காரங்களுக்கு அவ்வளவா பொருந்தாது.

எங்ககிட்ட இருக்கறது பெரிய பண்ணை எல்லாம் இல்ல. செவலை ஜெர்சி கிராஸ், கருப்பி எச்எஃப் கிராஸ், ஒரு கிடேரி, ரெண்டு கன்னுக்குட்டி. பால் சொசைட்டிக்கு ஊத்தறோம். தீவனம் கோ-4 புல்லு கொஞ்சம், சோளத்தட்டு, ராகி அறுத்தா ராகித் தட்டு, மத்த நாள்ல வைக்கோல், அதோட தவிடு, கடலைப் புண்ணாக்கு, அடர்தீவன மூட்டை.

முதல் பாக்கெட் தீவனக் கடையில வாங்கினது. கடை பேரும் வேண்டாம் கம்பெனி பேரும் வேண்டாம். பளபளன்னு கவரு, முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பசு, மடி தரையத் தொடற மாதிரி. கிலோ 180 ரூபாய். கடைக்காரர் "அண்ணே இத 10 நாள் போடுங்க, ரெண்டு லிட்டர் ஏறலன்னா என்ன கேளுங்க"ன்னாரு. தினம் அம்பது கிராம்னு நாலு மாசம் போட்டோம். பால் ஒரு டம்ளர் கூட ஏறல. மண்ணு திங்கறது நிக்கல. செவலை கன்னு போட்டு நாலு மாசம் ஆகியும் பருவத்துக்கே வரல, வந்ததுன்னு நெனச்சு ஒரு தடவ சினை ஊசி போட்டோம், அதுவும் நிக்கல. அவர்கிட்ட போயி கேட்டேன். "உங்க புல்லு சரியில்லண்ணே"ன்னுட்டாரு. சரிதான், என் புல்லுதான் குத்தவாளி.

டாக்டரம்மா அந்தப் பாக்கெட்ட எடுத்துட்டு வரச் சொன்னாங்க. முன்பக்கத்த பாக்கவே இல்ல, திருப்பிப் பின்னாடி படிச்சாங்க, ரெண்டு நிமிஷம் கண்ண சுருக்கிக்கிட்டு, ஏன்னா எறும்பு ஊர்ற சைஸ்ல எழுத்து. அப்புறம் எங்கிட்ட குடுத்து "இதுல பாஸ்பரஸ் எவ்வளவுன்னு எங்க இருக்கு, காட்டுங்க"ன்னாங்க. தேடினேன். கால்சியம் இருக்கு, வைட்டமின் ஏ இருக்கு, டி3 இருக்கு, என்னென்னமோ மூலிகை பேரு இருக்கு. பாஸ்பரஸ் சதவீதம் இல்ல. "இல்லாத காரணம் என்னன்னா அதுதான் காசு"ன்னாங்க.

இத கொஞ்சம் விரிவா சொல்லிடறேன், என்னை மாதிரி தெரியாம வாங்கறவங்க நிறைய பேரு. கால்சியம்ங்கறது சுண்ணாம்புக்கல் பவுடர், விலை சல்லிசு, எவ்வளவு வேணா கொட்டலாம். பாஸ்பரஸ் வேணும்னா டைகால்சியம் பாஸ்பேட், நம்ம ஆளுங்க டிசிபின்னு சொல்றது, அத போடணும், அது விலை ஜாஸ்தி. அதனால மட்டமான கலவைன்னா பெரும்பாலும் சுண்ணாம்பு மூட்டைதான். மாடு மண்ணு, துணி, எலும்பு, செருப்புன்னு கண்டதையும் மெல்லுறதுக்கு பெரிய காரணமே பாஸ்பரஸ் பத்தாததுதான், பருவத்துக்கு வராம இழுக்கறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. (குடல் புழு இருந்தாலும் மண்ணு திங்கும், அதனால முதல்ல பூச்சி மருந்து குடுத்துட்டுதான் இந்த முடிவுக்கே வரணும். நாங்க குடுத்திருந்தோம்.) வைக்கோல்ல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. தவிட்டுல நல்லாவே இருக்கு, ஆனா நாம தவிட்ட அளந்து அளந்துதானே வைக்கறோம். கோ-4 மாதிரி நேப்பியர் புல்லுல ஆக்சலேட்டுன்னு ஒண்ணு இருக்குதாம், அது கால்சியத்த கட்டிப் போட்டுடுமாம். ராகித் தட்டு மட்டும் தங்கம், வைக்கோல விட கால்சியம் ரொம்ப ஜாஸ்தி. எங்க தாத்தா காலத்துல மாட்டுக்கு ராகித் தட்டுதான், நாமதான் ராகி போடறத குறைச்சிட்டு வைக்கோல் லாரிக்கு காத்துக்கிட்டு கெடக்கறோம்.

வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒரு சோதனை பண்ணேன். ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல கடை பாக்கெட் ஒரு ஸ்பூனு, இன்னொண்ணுல அவங்க சாம்பிளுக்கு குடுத்த டிசிபி ஒரு ஸ்பூனு. ரெண்டுலயும் எலுமிச்சம்பழம் புழிஞ்சேன். கடை பாக்கெட் சோடா ஒடச்ச மாதிரி பொங்கி டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை வந்துச்சு. டிசிபி சும்மா ஊறிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பொங்கறது சுண்ணாம்பு. நல்ல கலவையிலயும் கொஞ்சம் சுண்ணாம்பு சேப்பாங்க, அதனால லேசா நுரை வந்தா பயப்பட வேண்டாம், ஆனா இப்படிப் பொங்கி வழிஞ்சா நீங்க வாங்கினது 180 ரூபாய்க்கு வெள்ளையடிக்கிற சாமான். அம்மா அந்த டம்ளர இன்னும் சமையல்கட்டுக்குள்ள விடல, அது வேற கதை.

அப்ப என்ன பாத்து வாங்கறது? ஐஎஸ் 1664ன்னு ஒரு ஐஎஸ்ஐ தரம் இருக்கு, மாட்டுத் தாது உப்புக்குன்னே. சாதா உப்பு சேக்காத வகைன்னா கால்சியம் குறைஞ்சது 20 சதவீதம், பாஸ்பரஸ் குறைஞ்சது 12, மெக்னீசியம் 5, துத்தநாகம் 0.8, தாமிரம் 0.1, அதோட அயோடின், கோபால்ட் எல்லாம் பொடிப்பொடியா ஒரு அளவு. இதெல்லாம் "இதுக்கு மேல இருக்கணும்". சிலது மட்டும் "இதுக்கு மேல இருக்கக் கூடாது"ன்னு இருக்கு பாருங்க, அதுல ஒண்ணு ஃபுளோரின், 0.07 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. நம்ம மாவட்டத்துக்காரன் அத பாத்ததும் நிக்கணும்.

ஏன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. போர் தண்ணில இருக்கற ஃபுளோரைடால எங்க தலைமுறையில பாதிப்பேரு பல்லு காவி கலர். போட்டோ எடுக்கும்போது வாய மூடிக்கிட்டு சிரிக்கற ஊரு இது. தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான், 2013ல இருந்து குழாய்ல காவேரி தண்ணி வருது. குடிதண்ணில 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா லிட்டருக்கு 1.5 வரைக்கும்னு கணக்கு. ஆனா காவேரி தண்ணி வீட்டுக் குடத்துக்கு. மாட்டுத் தொட்டிக்கு யாரு ஒகேனக்கல் தண்ணி விடறாங்க? போர் தண்ணிதான். கறவை மாடு வெயில் காலத்துல நாளைக்கு 60, 70 லிட்டர் கூட இழுக்கும். எங்க வீட்ல முன்னாடி ஒரு கெழட்டு மாடு இருந்துச்சு, அதோட முன் பல்ல நான் சின்னப் புள்ளையில வாயத் தொறந்து பாத்தது இன்னும் ஞாபகம் இருக்கு, மஞ்சளும் காப்பிக் கலருமா வரி வரியா, தேஞ்சு ஈறோட ஈறா, புல்ல அறுக்க முடியாம நாக்காலயே சுருட்டிச் சுருட்டி இழுக்கும். வயசாயிடுச்சுன்னு நெனச்சோம். அது தண்ணிங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பாஸ்பரஸ் சேக்கணும்னு சில பேரு டிசிபிக்கு பதிலா ராக் பாஸ்பேட் பவுடர கலந்துடறாங்க. அந்தக் கல்லுல ஃபுளோரின் இயற்கையாவே இருக்கும், அத எடுத்து சுத்தம் பண்ணாம அப்படியே அரைச்சுப் போட்டா லேபிள்ல பாஸ்பரஸ் நம்பர் அழகா வரும், கூடவே ஃபுளோரினும் வரும். வேற மாவட்டத்து மாடு ஒருவேளை தாங்கிக்கும். நம்ம மாடு ஏற்கனவே தண்ணியில குடிக்குது, அதுக்கு மேல உப்புலயும் வெச்சா எங்க போகும். அதனால ஃபுளோரின் அளவு எழுதாத பாக்கெட் எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் எங்க வீட்டுக்குள்ள வராது. கடையில நின்னு படிக்கிறேன்னு சிரிச்சாலும் பரவாயில்ல. மூக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போங்க.

ரெண்டாவது பாக்கெட் தர்மபுரில இருக்கற கால்நடை பல்கலைக்கழகத்து பயிற்சி ஆராய்ச்சி மையத்துல வாங்கினது, டானுவாஸ் கலவை. கவரு பாத்தா ரேஷன் கடை உப்பு மாதிரிதான் இருக்கும், ஒரு அலங்காரமும் கெடையாது, பின்னாடி என்னென்ன எவ்வளவுன்னு போட்டிருக்கு. பகுதிக்குத் தகுந்த கலவைன்னு ஒரு யோசனை இருக்கு, அதாவது ஒரு பக்கத்து மண்ணு, தீவனம், மாட்டு ரத்தம் எல்லாத்தையும் சோதிச்சு அங்க எது குறையுதோ அத மட்டும் கூட்டி வைக்கறது. நம்ம பல்கலைக்கழகமும் பண்ணுது, பெங்களூரு ஆடுகோடியில 1995ல ஆரம்பிச்ச தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனமும் இந்த வேலை பண்ணியிருக்கு. ஓசூர்க்காரங்களுக்கு அது தர்மபுரிய விட பக்கம்.

இத போட்டு என்ன ஆச்சுன்னு நேர்மையா சொல்றேன். பால் பெருசா ஏறல. செவலை எட்டரை லிட்டர்ல இருந்துச்சு, ஒன்பதாச்சு, அதுவும் அந்த மாசம் மழை பேஞ்சு புல்லு நல்லா வந்ததாலயா இல்ல உப்பாலயான்னு எனக்கு சத்தியமா தெரியல. சொசைட்டில எஸ்என்எஃப் (பால்ல கொழுப்பு போக இருக்கற திடச்சத்து) 8.0, 8.1ல ஆடிக்கிட்டு இருந்தது 8.3 பக்கம் வந்துச்சு. ஆனா ஒரு மூணு வாரத்துல சுவர நக்கறத நிறுத்திச்சு. ஏழாவது வாரம் விடிகாலை நாலு மணிக்கு கத்துச்சு பாருங்க, அம்மா எழுந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஓடி வந்து எழுப்புச்சு, வாலுக்குக் கீழ கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குது, பருவத்துக்கு வந்துடுச்சு. எனக்கு அந்த நேரத்துல காப்பி கூட வேண்டாம்னு ஆயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் போட்ட ஊசி நின்னுச்சு.

பால்காரங்களுக்கு இதுல இருக்கற கணக்கு புரியும். ஒரு பருவம் தவறினா அடுத்தது 21 நாள் கழிச்சு. ரெண்டு மூணு பருவம் கண்ணுக்குத் தெரியாமப் போச்சுன்னா ரெண்டு மாசம் வறட்டு மாட்டுக்குத் தீனி. தாது உப்பு நாளைக்கு அம்பது கிராம், மாசம் ஒண்ணரை கிலோ. கிலோ 100 ரூபாய்னு வெச்சாலும் நாளைக்கு 5 ரூபாய், டீக்காசு கூட இல்ல. லாபம் பால் கேன்ல தெரியாது, நாட்காட்டியில தெரியும். கடைக்காரங்க "ரெண்டு லிட்டர் ஏறும்"னு சொல்லி விக்கறாங்க, ஏறலன்னதும் ஜனங்க நிறுத்திடறாங்க, அங்கதான் எல்லாம் கெடுது.

எங்கப்பா ஒரு கேள்வி கேட்டாரு, நல்ல கேள்வி. "அந்தக் காலத்துல ஆலம்பாடி மாடு வெச்சிருந்தோம், எவன் அதுக்கு பாக்கெட் உப்பு போட்டான்?" நெசம்தான். ஆனா ஆலம்பாடி ஏர் ஓட்டற மாடு, கன்னுக்குப் போக நமக்கு ஒரு சொம்பு ரெண்டு சொம்பு குடுக்கும், நாளெல்லாம் காட்டுல நூறு செடி மேயும். ஒரு லிட்டர் பால்ல சுமாரா 1.2 கிராம் கால்சியம் வெளிய போகுது, ஒரு கிராமுக்கு கிட்ட பாஸ்பரஸ் போகுது. பத்து லிட்டர் கறக்கற கருப்பி தெனமும் 12 கிராம் கால்சியத்த நம்ம கேன்ல ஊத்திட்டு கட்டுத்தறியில நிக்குது, திங்கறது நாம போடறது மட்டும்தான். அம்பது கிராம் நல்ல கலவையில 10 கிராம் கால்சியம், 6 கிராம் பாஸ்பரஸ். அதுலயும் முழுசும் உடம்புல ஒட்டாது. மிச்சம் தீவனத்துல இருந்து வரணும், அதனால உப்ப மட்டும் கொட்டிட்டு வெறும் வைக்கோல் போட்டா நடக்காது. அப்பா ஒத்துக்கல, ஆனா இப்ப அவருதான் தெனமும் அளந்து போடறாரு. (ஆலம்பாடிக்குன்னே காரிமங்கலம் பக்கம் ஆராய்ச்சி மையம் வந்திருக்கு, போய் பாத்தா அப்பாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. அத தனியா எழுதணும்.)

மூணாவது, சொசைட்டில குடுத்த ஆவின் தாது உப்பு. இதுவும் நல்லாதான் இருந்துச்சு, செலவு பால் பில்லுல கழிச்சுக்கறாங்க, கைக்காசு வேணாம், அது பெரிய சௌகரியம். குறைன்னா எல்லா மாசமும் ஸ்டாக் இருக்கறது இல்ல, கேட்டு வெச்சுட்டு வரணும். ரெண்டுக்கும் பொதுவா ஒரு குறை, அளவு ஸ்பூனு வைக்கறதில்ல. அம்பது கிராம்னா எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? சித்தி வீட்ல ஒரு கைப்பிடி அள்ளிப் போடறாங்க, சித்தப்பா கைப்பிடி வேற சித்தி கைப்பிடி வேற. நான் மளிகைக் கடை தராசுல நிறுத்துப் பாத்து ஒரு பழைய பவுடர் டப்பா மூடியில பேனாவால கோடு போட்டு வெச்சிருக்கேன். கன்னுக்குட்டிக்கு இன்னொரு சின்ன மூடி. அடர்தீவனத்துல பிசறி வெச்சாதான் திங்கும், தண்ணித் தொட்டியில கரைச்சா எல்லாம் அடியில தங்கிடும், தொட்டி கழுவும்போது சாக்கடைக்குத்தான் போகும். மூட்டைத் தீவனத்துல ஏற்கனவே கொஞ்சம் தாது உப்பு கலந்திருப்பாங்க, அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு அளவு கேளுங்க. சாதா கல்லுப்பு தனி, அதுக்கு பதில் இது இல்ல, இதுக்கு பதில் அது இல்ல.

கடைசியா அந்த டானிக் கேன். இதுல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. கருப்பி போன தடவ கன்னு போடறதுக்கு 20 நாள் முன்னாடி வேற ஒரு கடையில "சினை மாட்டுக்கு கால்சியம் இப்பதான் ஏத்தணும், கன்னு போட்டா படுத்துக்காது"ன்னு அஞ்சு லிட்டர் கேன் ஒண்ண தலையில கட்டினாங்க. நாங்களும் தெனம் நூறு மில்லி ஊத்தினோம். கன்னு போட்ட மறுநாள் காலையில கருப்பி எழுந்திரிக்கல. கழுத்த வளைச்சு வயித்துப் பக்கமா மூஞ்ச வெச்சிக்கிட்டு படுத்திருக்கு, காத தொட்டா சில்லுன்னு இருக்கு, மூக்கு காஞ்சிருக்கு. பால் காய்ச்சல். ரத்தத்துல கால்சியம் இறங்கிப் போறதுதான் இது, பேருதான் காய்ச்சல், உடம்பு ஐஸ்.

பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்து "அந்த கேன எடுறா, வாயில ஊத்தலாம்"னாரு. நல்ல வேளை கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டதுல அந்தப் பக்கம் பேசினவங்க வாயில எதுவும் ஊத்தாதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அந்த நெலமையில மாட்டுக்கு முழுங்கத் தெம்பு இருக்காது, ஊத்தினது நுரையீரலுக்குப் போயிடும், பால் காய்ச்சல்ல பொழைக்கிற மாடு அதுல செத்துப் போகும். வண்டி வந்துச்சு, டாக்டரு ரத்தக் குழாயில மெதுவா, இதயத்துல ஸ்டெத்த வெச்சுக்கிட்டே கால்சியம் பாட்டில் ஏத்தினாரு. பாட்டில் முடியறதுக்குள்ள ஏப்பம் விட்டுச்சு, சாணி போட்டுச்சு, உடம்பு நடுங்கிச்சு, ஒரு மணி நேரத்துல எழுந்து நின்னு கன்ன நக்குச்சு. அம்மா சாமி ரூமுக்குப் போயிடுச்சு.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு புதுசு. கன்னு போடறதுக்கு முந்தின ரெண்டு மூணு வாரம் கால்சியத்த அள்ளிக் கொடுத்தா, எலும்புல இருந்து கால்சியத்த எடுத்துக் குடுக்கற சுரப்பி வேலை இல்லாம தூங்கிடுமாம். கன்னு போட்ட அன்னைக்கு சீம்பாலுக்கு திடீர்னு கால்சியம் வேணும், அப்ப அது எழுந்து வேலை பாக்கறதுக்குள்ள மாடு படுத்துடும். அந்த நாள்ல கால்சியத்த அடக்கி வெச்சு, கன்னு போட்ட உடனே குடுக்கணும். நாங்க நேர் தலைகீழா பண்ணியிருக்கோம், 900 ரூபாய் குடுத்து. கேன திருப்பி எடுத்துட்டுப் போனா "சீல் ஒடச்சத வாங்க மாட்டோம்"னுட்டாங்க. மிச்சம் மூணு லிட்டர் இன்னும் மோட்டார் ரூம்ல கெடக்கு, யாருக்காவது கன்னு போட்டு நல்லா நிக்கற மாட்டுக்கு வேணும்னா வந்து எடுத்துக்குங்க, சும்மாவே தரேன்.

மார்க் போடணும்னா முதல் பாக்கெட்டுக்கு அஞ்சுக்கு ஒண்ணு கூட இல்ல, கவர் தையல் நல்லாருந்துச்சு, விதைக்கடலை போட்டு வெச்சிருக்கோம். பல்கலைக்கழகத்துதுக்கு நாலரை, போய் வாங்கிட்டு வர்ற பஸ் அலைச்சலுக்கு அரை கழிச்சுட்டேன். ஆவினுக்கு நாலு. டானிக்குக்கு மார்க் இல்ல, பொருள் மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது, குடுக்கற நேரம் தெரியாம வித்தவங்க மேலயும் வாங்கின என் மேலயும் தப்பு.

அந்த முதல் கடைக்கு போன வாரம் புண்ணாக்கு வாங்கப் போயிருந்தேன். பென்னாகரத்துல இருந்து வந்த ஒரு பெரியவரு அதே பளபள பாக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. "ஐயா, பின்னாடி பாஸ்பரஸ் எவ்வளவு போட்டிருக்கு, ஃபுளோரின் எவ்வளவு போட்டிருக்குன்னு கேளுங்க"ன்னேன். அவரு என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறி பாத்துட்டு, கடைக்காரர்கிட்ட "என்னாப்பா, இந்தத் தம்பி என்னமோ கேக்கச் சொல்லுதே"ன்னாரு. கடைக்காரர் ஒண்ணும் பேசல. எனக்கு மட்டும் புண்ணாக்கு விலைய மூட்டைக்கு அம்பது ரூபாய் ஏத்திட்டாரு.